கச்சான் பார்த்த கமரா

"மிஸ், இது எங்கட முகத்தையும் பிடிக்குமோ?"

பெட்டியைத் திறந்ததும் என்னிடம் கேட்கப்பட்ட முதற் கேள்வி இதுதான். 2024 ஆம் ஆண்டு மாசி மாதம், விசுவமடுவில் எமது மாதர் சங்கத்தின் கச்சான் கொட்டகை. 14 பெண்கள் சுளகை மடியில் வைத்தபடி சுற்றி இருந்தார்கள். பெட்டிக்குள் இருந்தது ஒரு கமரா. கலியாண வீட்டுக்குக் கொண்டுவரும் கமரா போன்றதல்ல. அமத்துவதற்குப் பொத்தானும் இல்லை, படம் பார்ப்பதற்குத் திரையும் இல்லை. பாதிச் செங்கல் அளவில் ஒரு கறுப்பு உலோகக் கட்டி, முன்னால் ஒரு லென்ஸ், பின்னால் கேபிள் பூட்டும் வாய்கள். அதனோடு ஒரு தடித்த கேபிளும், கணினிக்குள் செருகும் பச்சை அட்டை ஒன்றும் வந்திருந்தன.

"இல்லையக்கா, இது கச்சானை மட்டும்தான் பார்க்கும்" என்றேன். சொல்லும்போது அது உண்மையா பொய்யா என்று எனக்கே தெரியாது. நான் சமூகவியல் படித்தவள். கமராவைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அறிக்கைக்குப் படம் எடுப்பது மட்டுமே.

கேட்ட அக்காவை நான் குறை சொல்ல மாட்டேன். 2009 இல் செட்டிகுளம் முகாமில் பதிவுக்காக வரிசையில் நின்று படம் எடுத்தோம். அந்த வரிசையில் நானும் நின்றேன். மீள்குடியேறிய பிறகு வீடு தந்தால் வாசலில் ஒரு படம், ஆடு தந்தால் கயிற்றைப் பிடித்தபடி ஒரு படம், ஆடு குட்டி போட்டால் இன்னொரு படம். 2017 மாசி 20 ஆம் திகதி கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் போராட்டத்தில் அமர்ந்த பின், கையில் பிள்ளையின் படத்துடன் இருந்த தாய்மாரை எத்தனையோ பேர் வந்து படம் எடுத்துக்கொண்டு போனார்கள். எமது 14 பேரில் இருவர் அந்தக் கொட்டிலுக்குப் போய் இருந்தவர்கள். எம்மை எல்லாரும் படம் எடுத்தார்கள், எடுத்த படம் எங்கே போனது என்று எவரும் வந்து சொன்னதில்லை. அந்த "எல்லாரிலும்" நானும் ஒருத்தி.

இந்தக் கமரா ஏன் வந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். எமது சங்கம் ஊரில் விளையும் கச்சானைக் கோதுடன் வாங்கி, உடைத்து, தெரிந்து, பருப்பாக வியாபாரிக்கு விற்கிறது. தெரிபவர்களுக்குக் கிலோக் கணக்கில் கூலி. வியாபாரி வருவார், சாக்குக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளுவார், உள்ளங்கையில் பரப்புவார், "நூற்றுக்கு எட்டுப் பழுது" என்பார். எட்டுக்கு உரிய காசு கழியும். அது எட்டா நாலா என்று கேட்க எம்மிடம் எந்தச் சான்றும் இல்லை. கழிந்த காசு கடைசியில் தெரிந்த பெண்ணின் கூலியில்தான் வந்து விழும்.

பழுது என்பது விளையாட்டான காரியமும் அல்ல. அறுவடை நேரத்தில் மழை பிடித்து, கச்சான் சரியாகக் காயாமல் சாக்கில் ஏறினால் பூஞ்சணம் பிடிக்கும். அதில் ஒரு வகைப் பூஞ்சணம் அஃப்ளடொக்சின் என்ற நஞ்சை உண்டாக்குகிறது. 1960 இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்தபோதுதான் இது வெளியே வந்தது. அவற்றின் தீனியில் கலந்திருந்தது பூஞ்சணம் பிடித்த கச்சான் பிண்ணாக்கு. இது ஈரலில் புற்றுநோயை ஏற்படுத்தும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு நிலையம் உறுதிப்படுத்தியுள்ளது. வறுத்தாலும் முழுதாக அழியாது. மாடு தின்றால் பாலில் வரும். நேரே சாப்பிடும் கச்சானில் கிலோவுக்கு 4 மைக்ரோகிராமுக்கு மேல் இது இருக்கக்கூடாது என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி. ஒரு கிராமைப் பத்து லட்சம் பங்காக்கினால் அதில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரோகிராம். இதை அறியும் வரை நாமும் பழுதுக் கச்சானைக் கோழிக்குத்தான் போட்டோம். இப்போது கிடங்கு வெட்டித் தாழ்க்கிறோம். இதை வாசிக்கும் சகோதரிகள் பழுதைக் கோழிக்கோ, ஆட்டுக்கோ, வீட்டு எண்ணெய்க்கோ எடுக்க வேண்டாம் என்று இந்த இடத்திலேயே சொல்லிவைக்கிறேன்.

ஜேர்மனியில் பொறியியலாளராக இருக்கும் எமது ஊர் அண்ணா ஒருவர் இந்தப் பிரச்சினையைக் கேள்விப்பட்டு, தன் வேலைத்தலத்தில் கழித்துவிட்ட கமராவையும் அட்டையையும் அனுப்பினார். சாக்கிலிருந்து ஒரு சுண்டு பருப்பை எடுத்து பெல்ற்றில் ஓடவிட்டால் பழுது எத்தனை வீதம் என்று கணினி சொல்லும் என்பது அவருடைய யோசனை. பெல்ற்றைப் பரந்தனில் ஒரு லேத்துக் கடையில் செய்வித்தோம். அதை ஓட்டுவது பழைய தையல் இயந்திர மோட்டர். பெரிய அரிசி மில்களில் கறுத்த அரிசியைக் காற்றடித்துத் தள்ளும் இயந்திரத்துக்குள்ளும் இப்படிப்பட்ட கமராதான் இருக்கிறதாம். எமது இயந்திரம் எதையும் தள்ளாது. பார்த்து எண்ணுவது மட்டுமே.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். உதவி செய்பவர்கள் தம்மிடம் மிஞ்சியதைத் தருகிறார்கள், எமக்குத் தேவையானது அதுவா என்பது பிறகுதான் தெரிகிறது. கமரா லிங்க் என்ற அந்த இணைப்பு முறை 2000 ஆம் ஆண்டில் வந்தது. 26 ஊசிகள் கொண்ட செருகி, 10 மீற்றருக்கு மேல் நீளாத கேபிள், கூடவே பிரேம் கிராபர் என்னும் அட்டை. அட்டை இல்லாமல் கமரா வெறும் கட்டி. 2006 இன் பின் சாதாரண வலையமைப்புக் கேபிளில் வேலை செய்யும் தொழிற்சாலைக் கமராக்கள் வந்துவிட்டன, அவற்றுக்கு இந்த அட்டை தேவையில்லை. அண்ணாவே அதை ஒத்துக்கொண்டார். "இது சும்மா கிடைச்சது தங்கச்சி, மற்றது காசு" என்றார். எமது அலுவலக மடிக்கணினியில் அட்டையைச் செருக இடமே இல்லை. கிளிநொச்சியில் பாவித்த மேசைக் கணினி ஒன்றைத் தேடி வாங்கியது தனிக் கதை.

பூட்டினோம். ஒன்றும் தெரியவில்லை. "கமராவிலிருந்து எதுவும் வரவில்லை" என்ற அறிவித்தல் மட்டும் வந்தது. அண்ணாவுக்கு வேலை முடியும் ஆறு மணி எமக்கு இரவு பத்தரை. கைபேசியைப் பிடித்துக்கொண்டு நானும், எமது சங்கத்தில் ஆக இளையவளான, எல்லாரும் சின்னவள் என்று கூப்பிடும் பிள்ளையும் கொட்டகையில் விழித்திருந்தோம். அவள் உயர்தரத்தில் கணிதம் எடுத்து, வீட்டு நிலையால் பாதியில் விட்டவள். அட்டையில் ஒரே மாதிரி இரண்டு வாய்கள் இருந்தன, நாம் இரண்டாவதில் செருகியிருந்தோம். மாற்றினோம். அறிவித்தல் போய்விட்டது, திரை கறுப்பாகவே இருந்தது. கடலுக்கு அப்பால் இருந்த பொறியியலாளர் அரை மணி நேரம் யோசித்தார். சின்னவள்தான் லென்ஸின் மூடியைக் கழற்றினாள்.

அதன் பிறகு தெரிந்தது படமல்ல. மழை நாளில் அன்ரனா திரும்பிய தொலைக்காட்சி மாதிரி ஒரே புள்ளி மயம். இங்கேதான் எனக்கு விடயம் விளங்கத் தொடங்கியது. கமரா தன்னைப் பற்றி அட்டைக்கு ஒன்றும் சொல்வதில்லை. வெளிச்சத்தை எண்ணாக மாற்றி, தள்ளிக்கொண்டே இருக்கும். அந்த எண்களை எப்படி அடுக்குவது என்று அட்டைக்கு நாம்தான் சொல்ல வேண்டும். ஒரு வரியில் எத்தனை புள்ளி, ஒரு புள்ளிக்கு எத்தனை படி வெளிச்சம், எத்தனை வாய்க்காலில் வருகிறது என்பதெல்லாம் அமைப்புக் கோப்பு என்ற ஒன்றில் எழுதப்பட்டிருக்கும். எமக்கு வந்த கோப்பு அதே குடும்பத்தைச் சேர்ந்த வேறொரு கமராவுக்கு எழுதியது. நல்ல கமரா, நல்ல அட்டை, ஆனால் கோப்பு இன்னொருவருடையது. வேறொரு மாவட்டத்துக்குத் தயாரித்த திட்டத்தைப் பெயர் மாற்றி எமக்குத் தந்தது போலத்தான்.

எமது கமரா படத்தை முழுதாக எடுப்பதில்லை. நூல் போல ஒரே ஒரு கோட்டை மட்டும் பார்க்கும். அந்தக் கோட்டில் 2048 புள்ளிகள். பெல்ற் நகர நகர அடுத்த கோடு, அதற்கடுத்த கோடு. பன்னோலைப் பாய் இழைப்பது போல வரி வரியாகச் சேர்ந்துதான் படம் ஆகும். இதைக் கேட்டதும் முதல்நாள் கேள்வி கேட்ட அக்காவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் நம்பவில்லை. பெல்ற்றை நிறுத்திவிட்டு லென்ஸுக்குக் கீழே குனிந்து முகத்தைக் காட்டச் சொன்னேன். திரையில் மேலிருந்து கீழாக வெறும் கோடுகள். முகம் இல்லை, மூக்குக்கூட இல்லை. அவர் இரண்டு தரம் குனிந்து பார்த்தார். பிறகுதான் சிரித்தார்.

புள்ளிக்கு 8 பிற், அதாவது கறுப்பிலிருந்து வெள்ளை வரை 256 படி என்று திருத்தியதும் மழை நின்றது, கச்சான் தெரிந்தது. ஆனால் எண்ணிக்கை தாறுமாறாக வந்தது. பெல்ற்றின் நடுவில் ஓடும் பருப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிய விசித்திர உருவங்களாக இருந்தன. இரண்டு இரவு மண்டையை உடைத்தோம். மூன்றாம் நாள் சின்னவள், பருப்பை வைத்துப் பார்த்தால் விளங்காது என்று சொல்லி, ஒரு பழைய பேப்பர்த் தாளை பெல்ற்றில் ஒட்டி ஓடவிட்டாள். இடப்பக்கத்தில் எழுத்து நேராக இருந்தது. வலப்பக்கத்தில் கண்ணாடியில் பார்ப்பது போல எழுத்துகள் மறுபக்கம் திரும்பி நின்றன.

அண்ணா படத்தைப் பார்த்ததும் "ஆ!" என்றார். இந்தக் கமரா தன் ஒரு கோட்டை இரண்டு வாய்க்காலில் பிரித்து அனுப்புகிறது. ஒன்று இடது கரையிலிருந்து நடுவை நோக்கி வரும். மற்றது வலது கரையிலிருந்து நடுவை நோக்கி வரும். இரண்டுமே இடமிருந்து வலமாக வருவதாக அட்டை நினைத்து அடுக்கியதால் பாதி புரண்டுவிட்டது. அமைப்பில் ஒரே ஒரு தெரிவை மாற்றினோம். பேப்பர் முழுதும் நேராகியது. அந்த இரவு கொட்டகையில் தேநீர் ஊற்றிக் குடித்தோம், சீனி கூடுதலாகப் போட்டு.

பிறகு வெளிச்சம். ரியூப் லைற்றின் கீழ் படத்தில் பத்து வரிக்கு ஒரு தரம் இருட்டுப் பட்டை விழுந்தது. எமது மின்சாரம் விநாடிக்கு 50 சுற்று, அதனால் ரியூப் லைற் விநாடிக்கு 100 தடவை மங்கிக் கூடுகிறதாம். எமது கண்ணுக்கு அது தெரியாது. விநாடிக்கு 1000 வரி பார்க்கும் கமராவுக்குத் தெரியும். பற்றரியில் எரியும் விளக்கு வேண்டும். இன்னொன்று, இது கறுப்பு வெள்ளைக் கமரா. கச்சானின் தோல் சிவப்பு. வெள்ளை வெளிச்சத்தில் நல்ல தோலும் பூஞ்சணமும் ஏறத்தாழ ஒரே சாம்பல் நிறம். சிவப்பு வெளிச்சம் போட்டால் சிவப்புத் தோல் வெளிறித் தெரியும், கறுத்த பச்சைப் பூஞ்சணம் இருண்டே நிற்கும் என்றார் அண்ணா. கோயில் திருவிழாவுக்குக் கட்டும் சிவப்பு எல்.ஈ.டி. பட்டிகள் கிளிநொச்சிக் கடையில் இருந்தன. மின்னி மின்னி எரியவைக்கும் பெட்டியைக் கழற்றிவிட்டு, நெருக்கமாக ஒட்டி, மோட்டர் சைக்கிள் பற்றரியில் கொடுத்தோம். இரண்டு பிரச்சினையும் ஒரே செலவில் தீர்ந்தது.

பெல்ற்றின் வேகம் கடைசித் தலையிடி. மின்னழுத்தம் குறைந்தால் மோட்டர் தளரும், திரையில் கச்சான் வாழைக்காய் போல நீளும். 30 சென்ரிமீற்றர் அகலத்தை 2048 புள்ளிகள் பங்குபோட்டால் ஒரு புள்ளிக்கு 0.15 மில்லிமீற்றர் அளவில் வரும். பெல்ற் அந்த 0.15 மில்லிமீற்றர் நகரும்போது மட்டும் அடுத்த வரியை எடுக்க வேண்டும். அதற்கென பெல்ற்றின் உருளையில் பூட்டும் ஒரு சிறு சக்கரத்தை அண்ணா பிறகு அனுப்பினார். சக்கரம் சுற்றும் அளவுக்கு அட்டைக்குத் துடிப்புப் போகும், அட்டை கமராவுக்கு "எடு" என்று சொல்லும். மின்சாரம் என்ன விளையாட்டு விட்டாலும் கச்சான் கச்சானாகவே தெரிந்தது. அட்டையை நான் மன்னித்தது அன்றுதான்.

இனி, எது பழுது என்று கணினிக்கு யார் சொல்வது? 256 படியில் எந்தப் படிக்குக் கீழே பழுது? அண்ணாவுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. 14 பெண்களையும் மூன்று தட்டு நிரப்பச் சொன்னோம். நல்லது, பழுது, சந்தேகம். சந்தேகத் தட்டில்தான் வாக்குவாதம். எமக்குள் மூத்தவரான பெரியம்மாவுக்கு ஷெல் துண்டு பட்டு ஒரு கண் பார்வை இல்லை. ஆனால் அவர் தெரிந்த சாக்கு திரும்பி வந்ததே இல்லை. விரலிடுக்கில் நசித்து, மணந்து பார்ப்பார். எப்படி முடிவெடுக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"இதை என்ரை பேரனுக்குக் குடுப்பனோ எண்டு யோசிப்பன். கை பின்வாங்கினால் அது பழுது" என்றார்.

அவருடைய தட்டுகளை ஓடவிட்டுத்தான் 95 ஆம் படி என்ற எல்லையை வைத்தோம். 1000 பருப்பைக் கையால் எண்ணியபோது பழுது 43. கணினி 61 என்றது. பருப்புகள் முட்டிக்கொள்ளும் இடத்து நிழலையும் அது பழுதாக எண்ணியிருந்தது. ஈர்க்கில் ஒரு சீப்புச் செய்து பெல்ற்றின் வாயில் கட்டிப் பருப்பைப் பரவவிட்டோம். 46 ஆக இறங்கியது. கீழ்ப்பக்கம் பூஞ்சணம் இருந்தால் கமராவுக்குத் தெரியாது என்பதால் ஒவ்வொரு மாதிரியையும் இரண்டு தரம் ஓட்டுகிறோம். நஞ்சையும் அது காணாது, நிறத்தை மட்டுமே காணும். உள்ளே கெட்டதைப் பெரியம்மாவின் மூக்குத்தான் கண்டுபிடிக்கிறது.

இவ்வளவும் ஒழுங்காகிய பிறகு வந்தது ஒரு படிவம். மோட்டருக்கும் கணினிக்கும் காசு தந்த நிறுவனம் மாத அறிக்கை கேட்டது. திகதி, சாக்கு இலக்கம், பழுது வீதம், நாலாவது நிரலில் "தெரிந்த தொழிலாளியின் பெயர்". நான் அதை நிரப்ப வேண்டும் என்று கொட்டகையில் வாசித்தேன். ஒருவரும் பேசவில்லை. சுளகுச் சத்தமும் நின்றுவிட்டது. முதல் நாள் கேட்ட அதே அக்கா கேட்டார்.

"அப்ப இது கச்சானைப் பார்க்கேல்லை, எங்களைத்தானே பார்க்குது?"

நிறுவனத்தின் மேல் பழி போட எனக்கு வாய் வந்தது. ஆனால் முதல் திட்ட முன்மொழிவை எழுதியவள் நானே. அதில் "தொழிலாளரின் வினைத்திறனை அளவிடல்" என்று ஒரு வரி இருந்தது. அப்படி எழுதினால் காசு வரும் என்று பல்கலைக்கழகத்தை விட்டு வந்த நாளிலிருந்து பழகியது. படிவத்தின் நாலாவது நிரல் என்னுடைய அந்த வரியிலிருந்துதான் பிறந்திருந்தது. இதை அவர்களிடம் சொல்ல எனக்கு இரண்டு நாள் எடுத்தது. சொன்னேன். சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒருவர் ஒரு கிழமை வேலைக்கு வரவில்லை. மனிசன் இல்லாமல் மூன்று பிள்ளைகளை வளர்ப்பவர், கண் மங்கிக்கொண்டு வருகிறது. தன் பெயருக்கு நேரே என்ன எண் வரும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

சங்கக் கூட்டத்தில் முடிவெடுத்தார்கள். மாதிரி எடுப்பது பலருடைய கச்சானும் கலந்த சாக்கிலிருந்து மட்டுமே, தனியொருவரின் சுளகிலிருந்து எடுப்பதில்லை. பெயருக்குப் பதிலாகக் கச்சான் வந்த தோட்டத்தின் இலக்கத்தை எழுதுவது. எந்தத் தோட்டத்துக் கச்சான் சரியாகக் காயாமல் வந்தது என்று அதில் தெரிந்ததால் அது உண்மையிலேயே பயன்பட்டது. நிறுவனத்துக்கு நான் விளக்கக் கடிதம் எழுதினேன். இரண்டாம் கட்டக் காசு நாலு மாதம் பிந்தித்தான் வந்தது. அந்த நாலு மாதமும் கணினிக்கு வாங்கிய கடனைச் சங்கச் சேமிப்பிலிருந்து கட்டினோம். சிலருக்கு இன்னும் என்மேல் கோபம். அது நியாயமானதே.

வியாபாரி முதன்முதல் திரையைப் பார்த்தபோது சிரித்தார். "இது உங்கட மெசின், உங்களுக்குத்தான் கணக்குச் சொல்லும்" என்றார். அவரையே ஒரு சுண்டு அள்ளச் சொன்னோம். திரை 4 வீதம் என்றது. பிறகு பெரியம்மா அதைச் சுளகில் போட்டு அவர் முன்னாலேயே எண்ணினார். பருப்பு 500, பழுது 21. அவர் விலையைக் கூட்டவில்லை. ஆனால் அதன் பிறகு எட்டு என்று சொன்னதில்லை, ஐந்தில் நிற்கிறார். அந்த மூன்று வீதக் காசு கூலியோடு சேருகிறது.

சின்னவள் அடுத்த வருடம் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய்விட்டாள். மறித்துப் பார்த்தேன். கடன் என்றாள், மேற்கொண்டு நான் என்ன சொல்ல? போவதற்கு முதல் நாள் கொட்டகைச் சுவரில் கரிக்கட்டியால் எழுதிவைத்தாள்: "முதலாவது வாய். 2048 புள்ளி. 8 பிற். இரண்டு வாய்க்கால், கரையிலிருந்து நடுவுக்கு. எல்லை 95. மூடியைக் கழற்றவும்."

மாரியில் ஒருநாள் இடியோடு மின்சாரம் போய்வந்ததில் கணினியின் நினைவகத் தட்டு பழுதாகி, அமைப்புக் கோப்பும் அதோடு போயிற்று. அண்ணாவுக்கு அழைத்தேன், அங்கே அவர் வேலையில் இருந்தார். முதல் நாள் முகத்தைப் பற்றிக் கேட்ட அக்கா எழும்பி வந்து கணினிக்கு முன் இருந்தார். நான் சுவரை வாசிக்க வாசிக்க அவர் ஒவ்வொன்றாக அமத்தினார். பிறகு ஒரு பேப்பர்த் தாளை எடுத்து பெல்ற்றில் ஒட்டி ஓடவிட்டார். எழுத்து இரண்டு பக்கமும் நேராக வந்தது. "சரி, கச்சானைக் கொண்டாங்கோ" என்றார்.